மூடிய இடக்கண்

உங்கள் வேட்டைத் தடுப்பு முகாமுக்குப் புது ஸ்கோப், அந்த ஒற்றைக் குழாய்த் தொலைநோக்கி, வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெட்டியைப் பிரித்ததும் நீங்கள் செய்யப்போகிற முதல் காரியம் எனக்குத் தெரியும். இடது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கண்ணைக் கொண்டுபோய்க் கண்ணாடியில் ஒட்டுவீர்கள். நானும் அப்படித்தான் ஒட்டினேன். வருஷக் கணக்கில் ஒட்டினேன். தம்பிகளே, இப்போது தங்கச்சிகளும் இந்த வேலைக்கு வந்துவிட்டீர்கள், உங்கள் எல்லோருக்கும் சேர்த்து அந்த மூடிய கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வேலையை விட்டு இரண்டு வருஷமாகிறது. சொல்வதற்கு நேரம் நிறைய இருக்கிறது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

வேட்டைக்காரன் ஸ்கோப்பை வைத்து மிருகத்தைத் தேடுவான். நாம் வேட்டைக்காரனைத் தேடுகிறோம். இரண்டு பேர் கண்ணும் ஒரே மாதிரிதான் களைத்துப்போகிறது. அவன் களைத்தால் ஒரு மிளா மான் பிழைத்துப்போகும். நாம் களைத்தால் என்ன ஆகும் என்பதுதான் நான் சொல்லவந்தது.

எங்கள் முகாம் மலையின் கிழக்கு முகத்தில் ஒரு பாறைத் திட்டில் இருந்தது. இரண்டு பேர். நானும் சீனியும். கீழே மாந்தோப்புகள், அதற்குக் கீழே வயல், அதற்கும் கீழே ராஜபாளையத்து மில் புகைபோக்கிகள். வடக்கே திரும்பினால் ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் ஒரு நெல்மணி அளவுக்கு நிற்கும். அத்தனை ஊரும் கண்ணுக்குள் இருக்கும். ஒரு ஊரின் சத்தமும் காதுக்கு வராது. ஸ்கோப்பில் பார்க்கிறவனுடைய தனிமை இதுதான். ஒரு பெண் வாயைத் திறந்து யாரையோ கூப்பிடுவாள், யார் பெயரென்று தெரியாது. ஒருவர் சிரிப்பார், எதற்கென்று தெரியாது. அவர்கள் வாழ்வது அத்தனையும் உனக்குத் தெரியும். நீ ஒருவன் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

அடிவாரத்தில் ஒரு தோப்பு. அதில் ஒரு காவல்காரர். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். சாயங்காலமானால் சிமெண்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து தூக்குவாளியைத் திறப்பார். ஒரு வாய் அவருக்கு, ஒரு வாய் நாய்க்கு. அவர் சாப்பிடக் கை கழுவினால் நானும் தட்டை எடுப்பேன். பெயர் தெரியாது. நானாக அவருக்குச் சாயங்காலம் என்று பெயர் வைத்திருந்தேன்.

"என்னப்பா, சாயங்காலம் சாப்ட்டாச்சா?" என்பான் சீனி.

"இன்னைக்கு ஏதோ மீன் போல. நாய் எந்திரிச்சு நிக்கிது."

"அங்க உள்ள மீனுக்கு இங்க உனக்கு வாய் ஊறுது. நீ கெட்டுப்போய்ட்டே."

ஸ்கோப்புக்குச் சீனி வைத்த பெயர் ஒத்தக்கண்ணன். எனக்கும் சேர்த்துத்தான் வைத்தான். வந்த புதிதில் ஒரு பாறையைக் கரடி என்று ஒரு பகல் முழுக்கக் காவல் காத்தேன். "நகராத கரடிக்கும் சேத்து உலை வைக்கவா?" என்று கேட்டவன் அவன். போகப்போக என் கண் பழகியது. எதிர்ச்சரிவில் எது அசைந்தாலும் நான் சொன்னேன் என்றால் அது சரி என்ற பெயர் வந்தது. கீழே வனத்துறை ரேஞ்ச் ஆபீசில் என்னைக் 'கண்ணு' என்றுதான் கூப்பிட்டார்கள். கூட ஆள் இல்லாத இடத்தில் ஒரு பெயர் கிடைத்தால் மனிதன் அதைக் கட்டிக்கொண்டு படுப்பான். நான் கட்டிக்கொண்டு படுத்தேன்.

மாங்காய் பிஞ்சு விட்டிருந்த சமயம். ஒரு விடியற்காலை எதிர்ச்சரிவில் வெடிச்சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தபோது ஓடைக்கு மேலே ஒரு பெண் மிளா கிடந்தது. தொடைக்கறியை மட்டும் அறுத்து எடுத்துப்போயிருந்தார்கள். அதன் வயிற்றில் குட்டி இருந்தது. குட்டியை மட்டும் புதைத்துவிட்டு நானும் சீனியும் வந்தோம்.

மறுநாள் இருட்டு விலகும்போதே ஸ்கோப்பில் உட்கார்ந்துவிட்டேன். மிச்சக் கறிக்கு வருவான் என்று ஒரு வெறி. இடது கண்ணை மூடிக்கொண்டேன். உருப்பெருக்கத்தைத் திருகித் திருகிக் கடைசி எல்லைக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஒன்பது மணி ஆயிற்று. பதினோரு மணி ஆயிற்று. வெயில் பாறையிலிருந்து எழும்பி, சரிவு முழுக்க நீருக்குள் கிடக்கிற மாதிரி ஆடத் தொடங்கியது. கண்ணில் மணல் போட்டது போல் இருந்தது. கசக்கிக்கொண்டேன், மறுபடி ஒட்டினேன்.

"ஏப்பா, ஒத்தக்கண்ணன் உன்னைக் கட்டிக்கிட்டானா, நீ அவனைக் கட்டிக்கிட்டியா? எந்திரிச்சு வந்து ஒரு வாய் தின்னு."

"நீ தின்னு. நான் கண்ணை எடுக்கிற நேரம் பாத்து வருவான்."

"செத்த நேரம் நான் பாக்கேன், தள்ளு."

"உனக்கு மாடும் மிளாவும் ஒண்ணுதான். போ அங்கிட்டு."

சீனி போய்விட்டான். நான் தள்ளி உட்கார்ந்திருக்கலாம். அரை மணி நேரம் மல்லாந்து படுத்து இரண்டு கண்ணையும் திறந்து வானத்தைப் பார்த்திருக்கலாம். நான் உட்கார்ந்தே இருந்தேன்.

மூன்று மணிக்கு ஓடை ஓரத்தில் ஒரு ஆள் அசைந்தான். அந்தப் பெருக்கத்தில் ஆள் முழுதாகத் தெரிய மாட்டான். ஒரு தோள் தெரியும், அது விலகும், ஒரு கை தெரியும். கறுப்பாக, நீளமாக ஒன்றைக் கையில் எடுத்தான். முகத்துக்கு நேராக உயர்த்தினான். மேலே சரிவைப் பார்த்து அசையாமல் நின்றான்.

வயர்லெஸ்ஸை எடுத்தேன். "ஆள் ஒண்ணு. துப்பாக்கி வச்சிருக்கான். குறி பாக்கான்."

அவ்வளவுதான் சொன்னேன். அடிவாரத்தில் நின்ற டீம் ஒரு மணி நேரத்தில் அவனைப் பிடித்துவிட்டது. ஆட்களின் சத்தம் கேட்டதும் கையில் இருந்ததைப் பள்ளத்தில் எறிந்துவிட்டு ஓடப் பார்த்தானாம். ஓட முடியவில்லையாம். இடுப்பில் ஒரு அரிவாள். துப்பாக்கி கிடைக்கவில்லை. பள்ளத்தில் புதர் மண்டிக் கிடந்தது, தேடி முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கம்பு வெட்ட வந்தேன் என்று ஒரே பேச்சாக நின்றானாம்.

கம்பை எவனாவது முகத்துக்கு நேரே தூக்கிக் குறி பார்ப்பானா? பொய் சொல்கிறான் என்று மேலே இருந்த எனக்குத் தெரிந்தது. அதில் மட்டும் நான் நினைத்தது சரி. அவன் சொன்னது பொய்தான்.

மறுநாள் காலை நான் இறங்கி ரேஞ்ச் ஆபீசுக்குப் போனேன். ரேஞ்சர் நிதானமானவர். எதிரில் தட்டச்சடித்த வாக்குமூலம் இருந்தது. என் பெயரைப் போட்டு, துப்பாக்கியோடு குறி பார்த்ததை நேரில் கண்டதாக எழுதி, கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது. மிளா செத்திருக்கிறது, ஆள் அங்கேதான் நின்றிருக்கிறான். என் கையெழுத்து விழுந்தால் அவன் சிறைக்குப் போவான், வருஷக் கணக்கில். எல்லாம் அந்தப் பேனாவில் இருந்தது.

பேனாவை எடுத்துக் குனிந்தேன். கோடு இரண்டாகத் தெரிந்தது. தண்ணீர் கொட்டியது.

"என்னய்யா கண்ணு, இப்படிச் செவந்து கெடக்கு?" என்றார் ரேஞ்சர்.

"நேத்து கொஞ்சம் கூடுதலா பாத்துட்டேன் சார்."

"கோர்ட்டுல எந்திரிச்சு நின்னா, வக்கீல் மொதல்ல உங்க கண்ணைத்தான் கேப்பாரு. போய்க் காட்டிட்டு, மருந்து போட்டுட்டு வாங்க. மூணு மணிக்குள்ள பிடிச்ச ஆளைக் கோர்ட்டுல நிறுத்தணும். பன்னெண்டுக்கு நீங்க இங்க இருக்கணும்."

ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பாயின் கண்ணாடிக் கடை. அவருடைய மகள் கண் பரிசோதனைக்குப் படித்துவிட்டு உள்ளறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைவிட இருபது வயசு இளையவள். பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. என் வேலையில் எனக்கு வாய்த்த ஒரே வாத்தியார் அந்தப் பெண்தான்.

"இந்த எடது கண்ணு ஏன்ணே இம்புட்டு சுருங்கிக் கெடக்கு? நோவு வலது கண்ணுலன்னு சொன்னீங்க?"

விவரத்தைச் சொன்னேன்.

"விடிஞ்சதுல இருந்து மூணு மணி வரைக்கும் மூடியா வச்சிருந்தீங்க? கையை முறுக்கி இறுக்கி வச்சுக்கிட்டு, கை சும்மாதான இருக்குன்னு சொன்னா எப்படி? மூடுன கண்ணுதான் உங்களுக்கு நேத்து ரொம்ப வேலை பாத்திருக்கு. சரி, பலகையைப் பாருங்க. கடைசி வரி."

மங்கலாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் 'கண்ணு' இல்லையா? மளமளவென்று ஐந்து எழுத்தும் சொன்னேன்.

அவள் என்னையே பார்த்தாள். "அந்த வரில நாலு எழுத்துதாண்ணே இருக்கு."

வெளியே கல்லாவில் இருந்த பாய் சிரித்தார். "ஒரு எழுத்து கடைக்கு இனாமாக் குடுத்துட்டாரும்மா, வாங்கி வையி!"

"சும்மா இருங்கத்தா," என்று அப்பாவை அடக்கினாள். பிறகு என்னிடம், "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்கண்ணே. இங்க வாரவங்க எல்லாரும் பரீட்சை மாதிரியே படிக்காங்க. கண்ணு களைச்சுட்டா சும்மா நின்னுரும்னு நெனைக்காதீங்க. அது பாட்டுக்கு இல்லாததையும் சேத்துச் சொல்லும். நாமதான் நிறுத்தணும்," என்றாள்.

சொட்டு மருந்து விட்டாள். ஒரு கண்ணாடிப் பெட்டியின் அட்டையைக் கிழித்து, உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு ஓரமாக வட்டத் துளை போட்டுக் கொடுத்தாள். "ஸ்கோப்புக் குழாய்ல மாட்டிக்கிடுங்க. எடது கண்ணுக்கு முன்னால இது நிக்கட்டும். கண்ணைத் தெறந்தே வைங்க. மூடாதீங்க, மறைங்க."

திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நேற்றைய மூன்று மணியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு தோள். பார்த்தேன். கறுப்பாக நீளமாக ஒன்று. பார்த்தேன். அது முகத்துக்கு உயர்ந்தது. பார்த்தேன். அப்புறம் துப்பாக்கியின் மரக்கட்டை, அது தோளில் பதிந்திருந்தது. தேய்ந்த தேக்கு நிறம். அதில் ஒரு கீறல்கூட இருந்தது.

அந்தத் தொலைவில் கீறல் எப்படித் தெரியும்?

அதுதான் அந்த ஐந்தாவது எழுத்து. இல்லாத ஒரு மரக்கட்டையை என் கண் எழுதியிருக்கிறது, அதில் கீறலும் போட்டிருக்கிறது. நான் அதில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன்.

ரேஞ்சரிடம் போய் நின்றேன். "சார், துப்பாக்கியை நான் பாக்கலை."

அவர் நிமிர்ந்தார். "நேத்து வயர்லெஸ்ல என்ன சொன்னீங்க?"

"துப்பாக்கின்னுதான் சொன்னேன். பாத்தது அது இல்ல. நீளமா ஒண்ணை முகத்துக்கு நேராத் தூக்குனதைப் பாத்தேன். அம்புட்டுதான் பாத்தேன். மிச்சம் நானாச் சேத்தது."

"யோவ், உங்க சொல்லை நம்பி பத்துப் பேர் மலைல ஓடியிருக்காங்க. அந்த மிளா வயித்துல குட்டி கெடந்தது ஞாபகம் இருக்கா? இந்தாளு பொய் சொல்றாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"பொய்தான் சார். ஆனா என்ன பொய்யின்னு தெரியலை. நான் ஒரு தடவை கேட்டுப் பாக்கவா?"

கடிகாரத்தைப் பார்த்தார். ஆளை வைத்திருந்த அறையைக் கையால் காட்டினார்.

உள்ளே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தவர் நான் நுழைந்ததும் எழுந்தார். எழுந்து ஒரு அடி வைத்தார். இடது காலை இழுத்து வைத்தார்.

சாயங்காலம்.

இரண்டு வருஷமாக நான் யாரோடு சாப்பிட்டேனோ அவர். யாருடைய நாய் எழுந்து நின்றால் எனக்கு வாய் ஊறியதோ அவர். பெருக்கத்தைக் கூட்டக் கூட்ட ஆள் கிட்டே வருவதாக நினைத்தேன். ஆள் துண்டுதுண்டாகிப் போயிருந்தார். குறைத்து வைத்திருந்தால் கால் தெரிந்திருக்கும். கால் தெரிந்திருந்தால் ஆள் தெரிந்திருக்கும்.

"உங்க பேரு?" என்றேன். அந்தக் கேள்வி எனக்கே வினோதமாக இருந்தது.

"குருசாமி."

"நான்தான் மேல இருந்து பாத்தது."

அவர் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தார்.

"இங்க பாருங்க, நான் ஒரு கண்ணை மூடிக்கிட்டு ஒரு குழாய் வழியாப் பாத்தேன். நீங்க கண்ணுல எதையோ வச்சு எதையோ பாத்தீங்க. என்ன பாத்தீங்க?"

வெளியே ஜீப் உறுமத் தொடங்கியது.

"வெளிச்சம் தெரியுதான்னு பாத்தேன்," என்றார்.

"என்ன வெளிச்சம்?"

"குழாய்க்குள்ள. ஓடைத் தண்ணி தோப்புக்கு வாரது. கறுப்பு ஓஸ் பைப்பு. இலைக்கு அடில போட்டிருக்கோம். நாலு நாளாத் தண்ணி வரலை, பிஞ்செல்லாம் உதிருது. அடைச்ச எடத்தை அறுத்து எடுத்து, அந்தப் பக்கம் வானம் தெரியுதான்னு பாத்தேன். பைப்பு போட்டிருக்குன்னு நான் சொன்னா முதலாளி தண்ணி போச்சு. எனக்கும் தோப்பு போச்சு. வேற எடம் கிடையாதய்யா எனக்கு."

அடைத்த குழாயின் மறுமுனையில் வெளிச்சம் தேடுகிறவன் எப்படி நிற்பான்? அதை முகத்துக்கு உயர்த்தி, மேலே வானத்துக்குத் திருப்பி, அசையாமல் நிற்பான். ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றிருப்பார். நானும் மூடிக்கொண்டிருந்தேன். அந்தச் சரிவில் அந்த நிமிஷம் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் ஒவ்வொரு குழாய்.

ரேஞ்சர் வயர்லெஸ்ஸில் சீனியைப் பள்ளத்துக்கு இறங்கச் சொன்னார். கடிகாரத்தையும் வயர்லெஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றரை மணிக்கு மூச்சு வாங்க அவன் குரல் வந்தது.

"கெடச்சுட்டு சார். கறுப்பு பைப்பு. ரெண்டு முழம் இருக்கும். ரெண்டு பக்கமும் அரிவாள் வெட்டு."

"உள்ள என்ன இருக்கு?"

"இலையும் சகதியும் சார். நடுவுல ஒரு நண்டு. செத்துப்போய்ட்டு. நண்டாரு மேல கேஸ் போட முடியாது."

ரேஞ்சர்கூடச் சிரித்துவிட்டார். தட்டச்சடித்த தாளை நான்காகக் கிழித்தார். காட்டு ஓடையில் குழாய் போட்டதற்கு அபராதத்தோடு குருசாமி வீட்டுக்குப் போனார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் நான் நல்லவனாகிவிடுவேன். ஆகவே மிச்சத்தையும் சொல்கிறேன். ஓடைக் குழாயை எங்கள் ஆட்கள் பிடுங்கி எறிந்தார்கள். முதலாளி குருசாமியைப் போகச் சொல்லிவிட்டார். சாயங்காலங்களில் நான் பெருக்கத்தைக் குறைத்து வைத்துக் கீழே பார்த்தேன். தொட்டி விளிம்பு காலியாக இருந்தது. நாய் மட்டும் சில நாள் அங்கே வந்து உட்கார்ந்தது. அப்புறம் அதுவும் வரவில்லை. நான் எந்த நேரத்துக்குச் சாப்பிடுவது என்று தெரியாமல் இருந்தேன். மிளாவைச் சுட்டவன் கடைசிவரை அகப்படவில்லை. என்னை யாரும் அதற்கப்புறம் 'கண்ணு' என்று கூப்பிடவில்லை. சீனி மட்டும் ஒரு நாள், "விடுப்பா, இனிமே நாம ரெண்டு பேரு, நாலு கண்ணு," என்றான். அன்று முதல் மாற்றி மாற்றி உட்கார்ந்தோம்.

நீங்களும் அப்படியே உட்காருங்கள். கால் மணி நேரம் பார்த்தால் எழுந்துவிடுங்கள். எழுந்ததும் செல்போனைப் பார்க்காதீர்கள், ராஜபாளையத்தின் தூரத்துப் புகைபோக்கியைப் பாருங்கள், கண் அங்கே போய்க் கால் நீட்டட்டும். எப்போதும் குறைந்த பெருக்கத்தில் தொடங்குங்கள். முதலில் முழு ஆள், பிறகு அவன் கை. கழுத்தை மடக்காமல் ஸ்கோப்பை உங்கள் கண் உயரத்துக்குத் தூக்கி வையுங்கள். கண்ணைக் கண்ணாடியில் அழுத்தாதீர்கள், இமைமுடி தொடாத அளவுக்கு விட்டுப் பிடியுங்கள். பாறை காய்ந்து சரிவு ஆடத் தொடங்கிவிட்டால், அதற்குப் பிறகு தெரிவதில் பாதி வெயில் எழுதுவது. மற்றக் கண்ணை மூடாதீர்கள், மறையுங்கள். அட்டை போதும். வயர்லெஸ்ஸில் பேசும்போது பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். 'தெரியலை' என்பதும் ஒரு தகவல்தான். அதைச் சொன்னதற்காக இந்தக் காட்டில் யாரும் சிறைக்குப் போனதில்லை.

போன மாம்பழ சீசனில் ராஜபாளையம் சந்தைக்குப் போயிருந்தேன். இப்போது என் வலது கண்ணின் நடுவில் ஒரு சின்னப் புகை உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் ஸ்கோப்புக்கும் சம்பந்தமில்லை என்கிறார் டாக்டர். இருக்கட்டும். மலை எனக்கு இப்போது நீலமாக மட்டும்தான் தெரிகிறது. ஒரு தள்ளுவண்டியைச் சுற்றி ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்து பழம் அடுக்கிக்கொண்டிருந்தார். புகைக்குள்ளும் அந்த நடை தெரிந்தது.

நான் அப்படியே நின்றேன். அவர் நிமிர்ந்து என்னைக் கண்டார். சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. வலது கையைச் சுருட்டிக் குழாய் மாதிரி ஆக்கி, வலது கண்ணில் வைத்து, என்னைப் பார்த்தார்.

ஜனங்கள் எங்களுக்கு நடுவே போனார்கள், வந்தார்கள். நான் நகரவில்லை. ஏழு வருஷம் நான் எல்லோரையும் பார்த்தேன். என்னை யாரும் பார்த்ததில்லை. இப்போது பார்க்கட்டும் என்று நின்றேன். அவர் அவசரப்படாமல் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பிறகு கையை இறக்கிவிட்டு, காத்துநின்ற ஒரு அம்மாவுக்குப் பழம் நிறுக்கத் திரும்பினார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க நான் ஒன்றைக் கவனித்தேன். அவருடைய இடது கண் திறந்தே இருந்தது.